பவர் பேங்கைத் தராசில் வையுங்கள்

சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள். மழை விட்டு, வெயில் லேசாகத் தலைகாட்டிய காலை வேளை. அன்றைய செய்முறை வகுப்புக்காக எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மின்தடைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலாண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். கையில் பளபளவென்று கறுப்பு நிறத்தில் ஒரு பவர் பேங்க்.

"சார், இது ஏன் இப்படி ஏமாத்துதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்றார்.

அவருடைய ஊர் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அம்மா மட்டும் அங்கே தனியாக இருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து, அந்தப் பகுதியில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்த நினைவு மறக்காத மாணவர், மழைக்காலம் தொடங்கு முன்பே, விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் இந்தப் பவர் பேங்கை வாங்கி அம்மாவிடம் கொடுத்திருந்தார். பெட்டியின் மேல் 50,000 எம்ஏஎச் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அம்மாவின் கைபேசி மின்கலம் 5,000 எம்ஏஎச். ஆகவே பத்துத் தடவை மின்னேற்றலாம் என்று அவர் கணக்கிட்டிருந்தார்.

மழையில் மின்சாரம் நின்றது. பவர் பேங்க், கைபேசியை ஒரு தடவைகூட முழுதாக நிரப்பவில்லை. ஒன்றரை நாள் அம்மாவின் குரலைக் கேட்க முடியாமல் விடுதியில் தவித்திருக்கிறார் மகன்.

"பத்துத் தடவை வரும்னு நம்பித்தான் சார், பக்கத்து வீட்டில்கூட ஒண்ணும் சொல்லி வைக்கல" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

மாணவ நண்பர்களே, அவருடைய வகுத்தலில் பிழை இல்லை. 50,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 10 என்பது சரிதான். அப்படியானால் பிழை எங்கே? அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு தராசு, ஒரு மின்தடை, ஒரு கடிகாரம், பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்த ஓரிரு சமன்பாடுகள், இவை போதுமானவையாக இருந்தன. அந்த வழியை நீங்களும் அறிந்துகொண்டால், கடையில் பவர் பேங்க் வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள்.

எத்தனை நாணயம்? என்ன நாணயம்?

எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர்-மணி என்பதன் சுருக்கம். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது மின்னூட்டம் என்று படித்திருக்கிறீர்கள். 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 10 ஆம்பியர்-மணி. ஒரு மணிக்கு 3,600 விநாடி. ஆகவே அது 36,000 கூலும் மின்னூட்டம் ஆகும்.

ஆனால் கைபேசியை இயக்குவது மின்னூட்டம் மட்டும் அன்று, ஆற்றல். ஆற்றலைப் பெற வேண்டுமானால் மின்னூட்டத்தை மின்னழுத்தத்தால் பெருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். உங்கள் நண்பர், "என் உண்டியலில் பத்தாயிரம் நாணயம் இருக்கிறது" என்கிறார். அவர் பணக்காரரா? உடனே சொல்ல முடியாது. "என்ன நாணயம்? ஒரு ரூபாயா, ஐந்து ரூபாயா?" என்று கேட்ட பிறகுதான் சொல்லலாம். மில்லி ஆம்பியர்-மணி என்பது நாணயங்களின் எண்ணிக்கை. வோல்ட் என்பது ஒவ்வொரு நாணயத்தின் மதிப்பு. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் மொத்தப் பணம்தான் ஆற்றல். அதை வாட்-மணி என்ற அலகால் அளக்கிறோம்.

பவர் பேங்கின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் லிதியம்-அயனி மின்கலங்கள். அத்தகைய கலம் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். பெட்டியின் மேல் போடும் பெரிய எண், இந்த 3.7 வோல்ட்டில் கணக்கிடப்பட்ட எண். எனவே 10,000 மில்லி ஆம்பியர்-மணிப் பவர் பேங்கின் ஆற்றல் 10 × 3.7 = 37 வாட்-மணி.

ஆனால் பவர் பேங்கின் துளையிலிருந்து வெளிவருவது 3.7 வோல்ட் அன்று, 5 வோல்ட். அதாவது உண்டியலில் உள்ள 3.70 ரூபாய் நாணயங்களையெல்லாம் 5 ரூபாய் நாணயங்களாக மாற்றித்தான் வெளியே கொடுக்க முடியும். 37,000 ரூபாய்க்கு எத்தனை 5 ரூபாய் நாணயம் கிடைக்கும்? 7,400 தான்! பத்தாயிரம் கிடைக்காது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எண்ணிக்கை குறைந்தாலும் மதிப்பு அதுவேதான். இது ஆற்றல் அழிவின்மை விதி.

சில்லறை மாற்றுபவர் தம் பங்குக்குக் கமிஷன் பிடித்துக்கொள்வாரல்லவா? இங்கும் அப்படியே. மின்னழுத்தத்தை உயர்த்தும் வேலையைச் செய்வது ஒரு மின்தூண்டியும் ஒரு குறைக்கடத்திச் சாவியும். அந்தச் சாவி விநாடிக்குப் பல்லாயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. மூடும்போது மின்தூண்டியின் காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்கிறது. திறக்கும்போது அது உயர்ந்த மின்னழுத்தத்தில் வெளிப்படுகிறது. இந்த வேலையில் ஒரு பகுதி ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். நல்ல பவர் பேங்கில் 10 முதல் 15 விழுக்காடு இழப்பு இருக்கும். பயன்படுத்தும்போது பவர் பேங்க் இளஞ்சூடாவது இதனால்தான்.

37 வாட்-மணியில் 15 விழுக்காடு போனால் சுமார் 31 வாட்-மணி மிஞ்சும். அது கைபேசிக்குள் சென்று, அங்குள்ள கலத்தில் சேரும்போது இன்னும் ஒரு பத்து விழுக்காடு இழப்பு. மிஞ்சுவது 28 வாட்-மணி. 5,000 மில்லி ஆம்பியர்-மணிக் கைபேசிக் கலத்தின் ஆற்றல் சுமார் 19 வாட்-மணி. ஆகவே நேர்மையான 10,000 பவர் பேங்க், அத்தகைய கைபேசியை ஒன்றரைத் தடவை நிரப்பும். இரண்டு தடவை அன்று. இதை நினைவில் வையுங்கள்.

அப்படிப் பார்த்தால், நம் மாணவரின் பவர் பேங்க் உண்மையாகவே 50,000 ஆக இருந்திருந்தாலும் பத்துத் தடவை வந்திருக்காது. ஏழு தடவைக்குச் சற்று மேல் வந்திருக்கும். ஆனால் ஒரு தடவைகூட வரவில்லையே! அது ஏன்?

தராசின் தீர்ப்பு

அந்தப் பவர் பேங்கை ஆய்வகத் தராசில் வைத்தோம். 160 கிராம்.

"போதும் தம்பி, விடை கிடைத்துவிட்டது" என்றேன். மாணவர் என்னை விழித்துப் பார்த்தார்.

லிதியம்-அயனிக் கலங்களில் மிகவும் பழக்கமான ஒரு வகைக்கு 18650 என்று பெயர். 18 மில்லி மீட்டர் விட்டமும் 65 மில்லி மீட்டர் நீளமும் கொண்ட உருளை. பெயரிலேயே அளவு அடங்கியிருக்கிறது. அதன் எடை 50 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்த அளவில் கிடைக்கும் உயர்தரக் கலங்கள் சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும். ஆற்றல் 12 முதல் 13 வாட்-மணி. ஆக, ஒரு கிலோ எடையுள்ள நல்ல கலங்களில் ஏறத்தாழ 250 வாட்-மணி அடங்கும். ஒரு வாட்-மணிக்கு 4 கிராம் என்று எளிதாக நினைவில் வைக்கலாம்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 50,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 185 வாட்-மணி. அதற்குக் கலங்கள் மட்டுமே 185 × 4 = 740 கிராம் இருக்க வேண்டும். அதற்கு மேல் உறை, மின்சுற்றுப் பலகை எல்லாம் உண்டு. தராசு காட்டியதோ 160 கிராம். உறையை மறந்து, அந்த 160 கிராமும் உயர்தரக் கலமே என்று வைத்துக்கொண்டாலும் 40 வாட்-மணி, அதாவது சுமார் 10,800 மில்லி ஆம்பியர்-மணிக்கு மேல் அதில் இருக்க வழியில்லை. அச்சிட்ட எண் பொய் என்பது பெட்டியைப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது!

நேர்மையான 10,000 பவர் பேங்க் ஒன்று பொதுவாக 200 கிராம் அளவில் இருக்கும். 20,000 என்றால் 350 முதல் 450 கிராம் வரை. காய்கறிக் கடைத் தராசே இதற்குப் போதும். மேலும் நல்ல கலங்கள் வருங்காலத்தில் வரும். அப்போது 4 கிராம் என்பது 3 கிராம் ஆகலாம். எண் மாறினாலும் சோதிக்கும் முறை மாறாது.

ஓர் எச்சரிக்கை. எடை குறைந்தால் அது பொய் என்பது உறுதி. ஆனால் எடை சரியாக இருந்தால் அது மெய் என்று சொல்லிவிட முடியாது. மணலும் இரும்புத் துண்டும்கூட எடை கொடுக்கும். கணிதத்தில் தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை என்று இரண்டு உண்டு. எடை என்பது தேவையான நிபந்தனை. போதுமான நிபந்தனை அன்று.

கடிகாரத்தின் தீர்ப்பு

எவ்வளவு இருக்க முடியாது என்பதைத் தராசு சொல்லியது. எவ்வளவு இருக்கிறது என்பதை யார் சொல்வது? கடிகாரம்தான்.

பழைய மின்னேற்றக் கம்பி ஒன்றை வெட்டி, அதன் சிவப்பு, கறுப்பு இழைகளை 10 ஓம் மின்தடையோடு இணைத்தோம். 10 வாட் தாங்கக்கூடிய பெரிய மின்தடை அது. குறுக்கே ஒரு வோல்ட் மீட்டர். 5 வோல்ட்டை 10 ஓமால் வகுத்தால் மின்னோட்டம் 0.5 ஆம்பியர். திறன் 5 × 0.5 = 2.5 வாட். பவர் பேங்க் நின்று போகும் வரை எத்தனை மணி நேரம் ஆகிறதோ, அதை 2.5-ஆல் பெருக்கினால் வெளிவந்த மொத்த ஆற்றல் கிடைத்துவிடும்.

முழுதாக மின்னேற்றிய பிறகு காலை ஒன்பது மணிக்கு இணைத்தோம். பிற்பகல் 3 மணி 20 நிமிடத்தில் வோல்ட் மீட்டரின் முள் சுழிக்குச் சாய்ந்தது. 6 மணி 20 நிமிடம். ஆற்றல் சுமார் 15.8 வாட்-மணி. மாற்றும்போது ஏற்படும் 15 விழுக்காடு இழப்பையும் சேர்த்துக்கொண்டால், உள்ளே இருந்தது 18.6 வாட்-மணி. அதை 3.7-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர்-மணி. அதாவது 5,000! அச்சிட்ட எண்ணில் ஒரு சுழியை அதிகமாகப் போட்டிருக்கிறார்கள். உண்மையான 50,000 ஆக இருந்தால், அந்த மின்தடை இரண்டரை நாளுக்கு மேல் சூடாகவே இருந்திருக்கும்.

இந்தச் சோதனையைச் செய்ய விரும்பினால் பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் அருகில் இருக்கும்போது செய்யுங்கள். மின்தடை கையைச் சுடும் அளவுக்குக் காயும். அதை ஓடு அல்லது கல் மேல் வையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய முறையும் உண்டு. கைபேசியை அணைத்துவிட்டு, 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை பவர் பேங்கால் மின்னேற்றுங்கள். 60 என்று குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியைப் பயன்படுத்தி மறுபடி 20-க்குக் கொண்டுவந்து, மீண்டும் மின்னேற்றுங்கள். பவர் பேங்க் காலியாகும் வரை கிடைத்த விழுக்காடுகளையெல்லாம் கூட்டுங்கள். 5,000 கைபேசிக்கு, 10,000 பவர் பேங்கிலிருந்து 150-ஐ ஒட்டி வந்தால் அது நேர்மையானது.

உள்ளே இருப்பது என்ன?

லிதியம் உலோகங்களிலேயே மிக இலேசானது. தண்ணீரின் அடர்த்தியில் பாதியளவே உடையது. எலக்ட்ரானை மிக எளிதில் விட்டுக்கொடுப்பது. ஆகவே சிறிய எடையில் மிகுந்த ஆற்றலைச் சேமிக்க அது ஏற்றது. 37 வாட்-மணியைப் பழைய ஈய-அமில மின்கலத்தில் சேமிக்க வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்க வேண்டியிருக்கும்.

1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லிதியம் அயனிகள் புகுந்து வெளிவரும் மின்முனையை உருவாக்கிக் காட்டினார். 1980-இல் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி மின்னழுத்தத்தை உயர்த்தினார். 1985-இல் ஜப்பானைச் சேர்ந்த அகிரா யோஷினோ, தூய லிதியத்துக்குப் பதிலாகக் கரிமப் பொருளை எதிர்மின்முனையாக வைத்து, பாதுகாப்பான கலத்தைச் செய்தார். 1991-இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்இனஃபின் வயது 97!

இக்கலத்தின் இரு மின்முனைகளுக்கும் இடையே தலைமுடியை விட மெல்லிய, நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கிறது. லிதியம் அயனிகள் அதன் வழியே போய் வரலாம். மின்முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. படலம் கிழிந்தாலோ உருகினாலோ உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படும். வெப்பம் பெருகும். வெப்பத்தால் வேதிவினை விரையும். அவ்வினையால் இன்னும் வெப்பம் பெருகும். மின்பகுளியாக இருப்பதோ தீப்பற்றக்கூடிய கரிமத் திரவம். முடிவு என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

37 வாட்-மணி என்பது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 1,33,200 ஜூல். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவரை 270 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும். திருச்சி மலைக்கோட்டையைப் போல் மூன்று மடங்கு உயரம்! இவ்வளவு ஆற்றலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். அது மெல்ல மெல்ல வெளிவந்தால் நன்மை. நொடியில் வெளிவந்தால் விபத்து.

2025 ஜனவரி 28 அன்று, தென் கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த விமானம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. அதில் இருந்த 176 பேரும் உயிர் தப்பினர். பயணி ஒருவரின் பவர் பேங்கினுள் மின்காப்பு சிதைந்து தீப்பற்றியிருக்கலாம் என்று விசாரணையாளர்கள் தெரிவித்தனர். விமானங்களில் பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் வைக்க விடாமல் கையில் மட்டுமே எடுத்துச் செல்ல அனுமதிப்பது இத்தகைய ஆபத்தினால்தான். அதிலும் 100 வாட்-மணி வரைதான் தடையில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்; அதற்கு மேல் அனுமதி இல்லை. 100-ஐ 3.7-ஆல் வகுத்துப் பாருங்கள்: 27 ஆம்பியர்-மணி. பெரிய பவர் பேங்குகள் பலவும் 27,000-க்குள் நின்றுவிடுவதன் காரணம் இப்போது புரிகிறதா?

இந்த ஆபத்தைத் தடுப்பதற்காக நல்ல பவர் பேங்கினுள் ஒரு காவல் சுற்று இருக்கும். கலத்தின் மின்னழுத்தம் சுமார் 4.2 வோல்ட்டைத் தொட்டால் மின்னேற்றத்தை நிறுத்தும். அளவுக்கு மீறிக் காலியானாலும், குறுக்குச்சுற்று நேர்ந்தாலும், சூடு மிகுந்தாலும் இணைப்பைத் துண்டிக்கும். கொள்ளளவில் பொய் சொல்பவர், வெளியே தெரியாத இந்தக் காவல் சுற்றில் மட்டும் உண்மையாக இருப்பாரா? எண்ணில் சொன்ன பொய் பாதுகாப்பிலும் ஐயத்தை எழுப்ப வேண்டும் என்பது இதனால்தான்.

பெரிய நிறுவனங்களுக்கும் சறுக்கல் உண்டு. 2025 ஜூனில் ஆங்க்கர் நிறுவனம், தீப்பற்றும் ஆபத்தைக் கருதித் தன் 10,000 வகைப் பவர் பேங்க் ஒன்றை அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் திரும்பப் பெற்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முகவரியும் வரிசை எண்ணும் உள்ள பொருளைத்தான் திரும்பப் பெற முடியும். பெயரில்லாப் பொருளுக்கு அந்த வழியும் இல்லை.

மடிக்கணினிக்கு எது?

கைபேசி 5 வோல்ட்டிலேயே மின்னேறும். மடிக்கணினிக்கு அது போதாது. அதன் உள்ளே பல கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், பெரும்பாலும் 20 வோல்ட் வேண்டும். யுஎஸ்பி பவர் டெலிவரி என்ற ஏற்பாட்டில், பவர் பேங்கும் கணினியும் முதலில் தமக்குள் பேசிக்கொள்கின்றன. "உனக்கு எவ்வளவு வேண்டும்? 5, 9, 15, 20 வோல்ட் என்னிடம் உண்டு" என்று ஒன்று கேட்க, மற்றது தெரிவு செய்கிறது.

ஆகவே மடிக்கணினிக்கு வாங்குபவர் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். வாட்-மணி என்பது தொட்டியில் உள்ள தண்ணீர். வாட் என்பது குழாயின் அகலம். உங்கள் கணினியின் மின்னேற்றி 65 வாட் என்று சொன்னால், 10 வாட் தரும் பவர் பேங்க் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயன்படாது. பள்ளி ஆய்வகங்களில் பயன்படும் ராஸ்பெர்ரி பை 4 போன்ற சிறு கணினிக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், அதாவது 15 வாட் வேண்டும். 2 ஆம்பியர் மட்டும் தரும் பவர் பேங்கோடு இணைத்தால் வேலை மிகும்போது கணினி தடுமாறும்.

இணைப்புக் கம்பியையும் மறக்காதீர்கள். 0.32 மில்லி மீட்டர் விட்டமுள்ள செப்பு இழையின் மின்தடை மீட்டருக்கு 0.21 ஓம். ஒரு மீட்டர் நீளக் கம்பியில் மின்னோட்டம் போகவும் வரவும் வேண்டுமல்லவா? ஆகவே 0.42 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் கம்பியிலேயே வீணாகும். 5 வோல்ட் புறப்பட்டு 4.16 வோல்ட்தான் போய்ச் சேரும். கம்பி குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பது நல்லது.

கடையில் பார்க்க வேண்டியவை

1. பெரிய எண்ணை விட்டுவிட்டு, சிறிய எழுத்தைப் படியுங்கள். வாட்-மணி எவ்வளவு? ரேட்டட் கெபாசிட்டி எவ்வளவு? 10,000 பவர் பேங்கில் 5 வோல்ட்டுக்கு 5,800 முதல் 6,400 வரை என்று போட்டிருந்தால், அவர் இழப்பையும் கணக்கிட்டு உண்மையைச் சொல்கிறார். இந்த விவரமே இல்லையென்றால் ஐயுறுங்கள்.

2. வாட்-மணியை 4-ஆல் பெருக்குங்கள். பவர் பேங்கின் எடை அத்தனை கிராமுக்கும் மேல் இருக்கிறதா?

3. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரையும், ஆர் என்ற எழுத்தோடு கூடிய எட்டு இலக்க எண்ணும் உள்ளனவா? பவர் பேங்குக்கு இந்தப் பதிவு நம் நாட்டில் கட்டாயம். அந்த எண் மெய்யானதா என்று பிஐஎஸ் கேர் செயலியில் பார்க்கலாம். இது பாதுகாப்புக்கான பதிவு. கொள்ளளவுக்கு நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

4. வெளிவரும் வோல்ட்டும் ஆம்பியரும் உங்கள் கருவிக்குப் பொருந்துகின்றனவா?

5. தயாரித்தவர் முகவரி, தயாரித்த நாள், உத்தரவாத அட்டை, கடைச் சீட்டு இவை உள்ளனவா?

வாங்கிய பின்னும் கவனம் வேண்டும். தலையணைக்கு அடியிலும், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளும் வைக்காதீர்கள். கீழே விழுந்து அடிபட்டதையும், நனைந்ததையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். வயிறு ஊதியதுபோல் புடைத்திருந்தால் உள்ளே மின்பகுளி சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அதைக் குத்தவோ பிரிக்கவோ கூடாது. குப்பைத் தொட்டியிலும் போடாமல், மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அந்த மாணவர் பிறகு என்ன செய்தார் தெரியுமா? அடுத்த வாரம் கடைக்குப் போனபோது, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து, 20,000 பவர் பேங்க் ஒன்றை வாங்கினார். 74 வாட்-மணி. 390 கிராம். ஆய்வகத்தில் அதையும் மின்தடையோடு இணைத்துப் பார்த்தோம். 25 மணி நேரம் ஓடியது. ஒரு காகிதத்தில் "மூன்று தடவை வரும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்" என்று எழுதி, அதன் முதுகில் ஒட்டி அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறார்.

பத்து என்று நம்பி ஒன்றுகூடக் கிடைக்காமல் போவதைவிட, மூன்று என்று அறிந்து மூன்றையும் பெறுவது மேல் அல்லவா? பொய்யான எண் பணத்தை மட்டும் பறிப்பதில்லை. நாம் செய்திருக்க வேண்டிய மற்ற ஏற்பாடுகளையும் செய்யவிடாமல் தடுத்துவிடுகிறது. எனவே எந்த எண்ணைக் கண்டாலும், "என்ன அலகு? எப்படி அளந்தார்கள்?" என்று கேளுங்கள். இயற்பியல் நமக்குக் கற்றுத்தரும் முதல் பாடமும் அதுவே.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் உள்ள பவர் பேங்கின் எடையைக் கண்டுபிடியுங்கள். அதன் மேல் உள்ள எண்ணிலிருந்து வாட்-மணியைக் கணக்கிட்டு, 4-ஆல் பெருக்கி ஒப்பிடுங்கள். வகுப்பு நண்பர்கள் பத்துப் பேர் இதைச் செய்து அட்டவணை ஒன்று தயாரித்தால், உங்கள் ஊர்க் கடைகளில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.